கஸ்டமரின் அளவும் போன் நம்பரும் யார் யார் கையில் இருக்கலாம்?

தண்டையார்பேட்டை தையல்:
வீட்டு மாடியில் பதினொரு வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். முன்பெல்லாம் ஒரு நீள நோட்டுதான், ராத்திரி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். போன வருடம் தம்பி மகன் வெப்சைட் போட்டுக் கொடுத்தான். பெரம்பூர், எண்ணூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. பெயர், விலாசம், போன், பிறந்த தேதி, அளவு எல்லாம் ஒரே கூகுள் ஷீட்டில் விழும். அந்த லிங்க் தைக்கிற மூன்று பேரிடமும், ஹூக் கட்டி எம்மிங் செய்கிற அக்காவிடமும், டெலிவரி தம்பியிடமும் இருக்கிறது. டிசைன் போட்டோக்கள் என் வாட்ஸாப்பில்.

போன வாரம் கொருக்குப்பேட்டை கஸ்டமர் ஒருவர் கூப்பிட்டார். துணி கைக்கு வந்த அன்றே தெரியாத நம்பரிலிருந்து அவருக்கு மெசேஜ் வந்திருக்கிறது, ப்ளவுஸ் நிறத்தைச் சொல்லி. "என் அளவு யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. என்ன செய்யட்டும்?

வியாசர்பாடி டெஸ்டர்:
அக்கா, முதலில் ஷீட்டில் 'ஷேர்' பட்டனைப் பாருங்கள். லிங்க் வைத்திருக்கிற யாரும் திறக்கலாம் என்று இருந்தால் இன்றே மூடுங்கள். அது எத்தனை கை மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் இரண்டு ஃபைலாகப் பிரியுங்கள். பெயர், போன், விலாசம் உள்ளது உங்களிடம் மட்டும். மற்றதில் ஆர்டர் நம்பர், அளவு, டிசைன். தைக்கிறவருக்கு மார்பு 36 என்று தெரிந்தால் போதும், யாருடையது என்று தெரிய வேண்டாம். டெலிவரி தம்பிக்கு அன்றைய விலாசங்களை மட்டும் கொடுங்கள். ஒரே ஃபைலில் இரண்டு பக்கம் (டேப்) போட்டு ஒன்றை மறைத்து வைக்காதீர்கள். காப்பி எடுத்தாலே அது தெரிந்துவிடும்.

பிறந்த தேதி எதற்கு? ஃபார்மிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ராயபுரம் கணக்கர்:
பணம் வாங்க கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை, வைத்திருப்பீர்கள். கார்டு நம்பரை நீங்கள் எங்கும் எழுதி வைக்காதீர்கள். 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் முழு கார்டு நம்பரைச் சேமிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை, பதிலுக்கு டோக்கன் என்கிற மாற்றுக் குறியீடுதான். சில பிரவுசர்களில் வெப்சைட் முகவரி பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் நம்பி இருந்துவிடாதீர்கள். தகவல் வருகிற வழியில்தான் அது காவல், ஷீட்டுக்குள் வந்தபின் இல்லை. தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை அம்மா:
நான் தைக்கக் கொடுக்கிறவள். ஒரு கடையில் மாடல் காட்டுகிறேன் என்று போனைத் தள்ளிக்கொண்டே போனார்கள். முகத்தோடு எத்தனையோ பெண்களின் படங்கள், நடுவில் என் மகள். அன்று மனசு பட்ட பாடு! வாட்ஸாப்பில் வருகிற போட்டோ தானாகக் கேலரியில் சேருவதை செட்டிங்ஸில் நிறுத்தலாம், கண்ணு. துணி கொடுத்ததும் படத்தை அழித்துவிடு. கழுத்துக்குக் கீழே மட்டும் அனுப்பினால் போதும் என்று கேட்டு வாங்கு.

தண்டையார்பேட்டை தையல்:
எல்லோருக்கும் நன்றி. ஷீட்டைப் பார்த்தேன், யாரும் திறக்கும்படிதான் இருந்தது. வேலையை விட்டுப் போன இருவரிடமும் அந்த லிங்க் இருக்கிறது. மூடிவிட்டேன், ஃபைலும் பிரித்தாயிற்று. அந்த கஸ்டமரைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என் படங்களை அழித்துவிடுங்கள்" என்றார். பேக்கப் ஆன படம் கூகுள் போட்டோஸ் குப்பையில் 60 நாள் இருக்குமாம். லைனில் அவரை வைத்துக்கொண்டே அங்கேயும் போய் அழித்தேன்.