உதடு ஓரிடம், குரல் வேறிடம்: சீனத் தொடர்களில் அடுத்து எதைப் பார்ப்பது?

இரண்டாம் ஷிஃப்ட் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் சீனத் தொடர்களுக்குப் புதியவன். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர இரவு பதினொன்று ஆகிவிடும். சாப்பிடும் நேரத்தில் ஏதாவது ஓடட்டும் என்று என் மனைவி 'எம்ப்ரெஸஸ் இன் த பேலஸ்' தொடரைப் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் தூங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 76 எபிசோடுகளையும் ஆறு வாரத்தில் முடித்துவிட்டோம். நடுவில் ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். முதலாவது, நடிகர்களின் உதடும் குரலும் பல இடங்களில் பொருந்தவில்லை. டிவியில்தான் கோளாறு என்று நினைத்துக் கடையில் கேட்டேன். ஹெச்டிஎம்ஐ கேபிளை மாற்றினால் சரியாகும் என்று சொல்லி 650 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. செல்போனில் பார்த்தாலும் அதே கதை. வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

இரண்டாவது, அடுத்து என்ன பார்க்கலாம்? நாலைந்து தொடர்களைத் தொட்டுப் பார்த்தோம். எல்லாரும் மாவு பூசியதுபோல வெளுத்திருக்கிறார்கள். மூக்கு நுனிகூடச் சிவக்காமல் அழுகிறார்கள். யாருடைய நடிப்பை நம்பி உட்காரலாம்?

டிரங்க்கால் அக்கா:

தம்பி, முதலில் அந்தக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் டிவியில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் கேட்டது கதாநாயகி ஜென் ஹுவானாக நடித்த சுன் லியின் குரலே இல்லை. ஆறு வாரம் நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஜி குவான்லின் என்ற வேறொரு பெண்மணி பேசியதைக் கேட்டிருக்கிறீர்கள்.

இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காது சொல்லிக் கொடுத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவள் நான். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எங்கள் ஊர் வெங்காய மண்டிக்காரர் 'ஹலோ' சொல்வதற்கு முன் மூச்சை இழுப்பதிலேயே ஆள் யார் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் காது மட்டும் ஓய்வு பெறவில்லை.

உங்களைப் போலவே ஜென் ஹுவானின் கதையைப் பார்த்து முடித்திருந்தேன். ஒரு நாள் சமையற்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் என் தங்கை மகள் 'எடர்னல் லவ்' பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2017-இல் வந்த தேவலோகக் காதல் கதை, கதாநாயகி யாங் மி. கூடத்திலிருந்து ஜென் ஹுவான் பேசுகிறாள்! கீரையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் முகம் வேறு, உடை வேறு, ஆனால் தொண்டை அதே தொண்டை. பிறகு தேடிப் பார்த்ததில்தான் ஜி குவான்லின் பெயர் கிடைத்தது. 2006-இல் வந்த ஒரு வாள்வீரக் கதைத் தொடரில் லியு யீஃபெய் நடித்த கதாநாயகி சியாவ்லொங்நியுவுக்கும் இவரேதான். மூன்று அழகிகள், மூன்று காலங்கள், ஒரே குரல்.

சீனாவில் இது ஒளித்து வைத்த செய்தி இல்லை. செஜியாங் மாகாணத்தில் ஹெங்தியன் என்ற இடத்தில் அரண்மனை, கடைவீதி, கோட்டை என்று ஓர் ஊரையே படப்பிடிப்புக்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெய்ஜிங் அரண்மனையின் நகலும் அங்கே உண்டு. இங்கே ராணி விம்மிக்கொண்டிருக்கும்போது பக்கத்து முற்றத்தில் இன்னொரு குழு வாள் வீசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பதிவான பேச்சு எதற்கு உதவும்? அது போக, ஹாங்காங், தைவான் நடிகர்களின் உச்சரிப்பு வேறு. உங்கள் தொடரில் மகாராணியாக வரும் அடா சோய் ஹாங்காங்காரர், அவருக்கும் இரவல் குரல்தான். தணிக்கையில் ஒரு வசனம் அடிபட்டால் மறுபடி செட் போட முடியாது, குரலை மட்டும் மாற்றிவிடலாம். இத்தனை வசதி இருக்கும்போது சோம்பலும் வந்து சேரும் அல்லவா? வசனத்தை மனப்பாடம் செய்யாமல் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று உதட்டை அசைத்துவிட்டுப் போகும் நடிகைகளுக்கு அங்கே 'எண் குமாரி' என்று கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் சோதனை எளிது. சொந்தக் குரலில் பேசுகிறாரா என்று பார்ப்பேன். ஆம் என்றால் பத்து எபிசோடு வரை பொறுத்துக்கொள்வேன். இல்லை என்றால் மூன்று.

நீங்கள் அடுத்து பார்க்க வேண்டியது 'நிர்வாணா இன் ஃபயர்'. 2015, 54 எபிசோடுகள். ஹூ கெ சொந்தக் குரலில் நடித்திருக்கிறார். போர்க்களத்தில் செத்துவிட்டதாக எல்லாரும் நினைக்கும் ஒருவன், உருமாறி, உடல் நொறுங்கி, வேறு பெயரில் தலைநகருக்குத் திரும்பி வருகிறான். வாளைத் தூக்க அவனுக்குத் தெம்பு இல்லை. மூளையை மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் மதிக்காத ஓர் இளவரசனை அரியணையை நோக்கி நகர்த்துகிறான். ஹூ கெ அதில் குரலை உயர்த்தும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நோயாளியின் குரல் எப்படி இருக்கும்? வாக்கியத்தின் கடைசியில் காற்று தீர்ந்துபோகும். அதை 54 எபிசோடுகளிலும் விடாமல் பிடித்திருக்கிறார். 2006-இல், ஹெங்தியனிலிருந்து ஷாங்காய் போகும் வழியில் அவருக்குப் பெரிய கார் விபத்து நேர்ந்தது. உடன் வந்த உதவியாளர் இறந்துபோனார். ஹூ கெயின் முகத்தில் பல அறுவை சிகிச்சைகள், வலக் கண்ணருகில் தழும்பு. முகம் மாறிப்போனவனின் வேடத்தை முகம் மாறிப்போனவரே ஏற்றது தற்செயலோ என்னவோ, கண்ணாடி முன் அவர் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

அந்த இளவரசனாக வாங் காய். அவரும் சொந்தக் குரல்தான், அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். பாத்திரத்தின் பிடிவாதத்துக்காக நண்பன் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'எருமை'. நம் வீட்டில் இந்தச் சொல்லை எந்தத் தொனியில் பயன்படுத்துவோம் என்று தெரியும் அல்லவா? இதில் அதே சொல்லைக் கேட்டுக் கண் கலங்குவீர்கள். இன்னொன்று, தட்டில் வைக்கிற பலகாரங்களைக் கவனியுங்கள். இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்.

அது பிடித்தால் ஹூ கெயின் 'பிளாஸம்ஸ் ஷாங்காய்'. ஹாங்காங் திரைப்பட இயக்குநர் வொங் கர்-வாய் இயக்கியது, 2023 டிசம்பரில் வெளிவந்தது, 30 எபிசோடுகள். ஷாங்காய் வட்டார மொழியில் ஒன்று, பொதுச் சீனத்தில் ஒன்று என இரண்டு ஒலிப்பதிவுகள் உண்டு. கட்டாயம் ஷாங்காய் மொழியில் கேளுங்கள். ஹூ கெ அந்த ஊர்க்காரர், பேச்சில் முதுகெலும்பு தளர்ந்து உட்காருவது தெரியும். அவருக்கு வியாபாரம் கற்றுக்கொடுக்கும் பெரியவராக யோ பென்சாங். 1933-இல் பிறந்தவர், தொடர் வெளிவந்தபோது வயது 90. 1985-இல் கிறுக்குத் துறவி ஜி கோங்காக நடித்து வீடுவீடாகப் புகழ் பெற்றவர் அவர். ஒரு கோட்டும் கைத்தடியும் போதும் அவருக்கு. முப்பது வயது நடிகர் ஆறு பேர் வாளோடு பறந்தாலும் ஈடாகாது.

அரண்மனைகளே வேண்டாம் என்றால் 'ஆல் இஸ் வெல்' (2019). சுஜோ நகரத்து நடுத்தரக் குடும்பம். நி தாஹொங் ஓர் அப்பாவாக வருகிறார். சுயநலம், புலம்பல், பிள்ளைகளைப் பிழிந்தெடுப்பது, எல்லாம் ஒரே ஆளிடம். கையால் அரைத்த காபிதான் வேண்டும் என்று அவர் அடம்பிடிக்கும் காட்சியில் நான் டிவியைப் பார்த்துச் சத்தமாகவே திட்டிவிட்டேன், பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ. இவரே 'மிங் டைனஸ்டி 1566' தொடரில் கிழட்டு முதலமைச்சர் யான் சொங். கண்ணிமையைப் பாதி மூடியே ஒரு சாம்ராஜ்யத்தை நடத்துவார்.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: சீனத் தொடரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை நம்புங்கள்.

மொட்டைமாடி:

அக்கா, பாதியை ஏற்கிறேன், பாதிக்குச் சண்டை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இரவல் குரல் என்ன புதிதா? எத்தனை கதாநாயகிகளுக்கு வேறொருவர் பேசியிருக்கிறார்கள்! நாம் அந்தப் படங்களை விரும்பாமல் விட்டோமா?

'தி அன்டேம்ட்' (2019, 50 எபிசோடுகள்) தொடரை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதன் நாயகர்கள் சியாவ் ஜானுக்கும் வாங் யிபோவுக்கும் குரல் வேறு ஆட்கள்தான். அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. சீன ரசிகர்கள் குரல் கலைஞர்களைப் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள்.

சொந்தக் குரல் காலை வாரிய கதையும் உண்டு. 'ரூயீஸ் ராயல் லவ் இன் த பேலஸ்' (2018). ஜோ சுன் எவ்வளவு பெரிய நடிகை! ஆனால் 1974-இல் பிறந்தவர் ஆரம்ப எபிசோடுகளில் பதின்வயதுப் பெண்ணாக வந்து, அந்தக் கரகரத்த குரலிலேயே பேசினார். பார்வையாளர்கள் கிண்டலடித்துத் தீர்த்துவிட்டார்கள். பின்பாதியில் மனம் உடைந்த ராணியாகும்போது அதே குரல் பொருந்திப் போனது வேறு விஷயம்.

ஷிஃப்ட் அண்ணா, உங்களுக்கு இதுவே சரியான அடுத்த தொடர் என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்த ஜென் ஹுவான் இதில் அரசத்தாயாக வருகிறாள், நடிகை மட்டும் வேறு. முடித்த கையோடு அதே ஆண்டில் வந்த 'ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்' பாருங்கள். சியென்லொங் பேரரசரின் இரண்டாவது மகாராணி ரூயீயில் கதாநாயகி, யான்ஷியில் வில்லி. வரலாற்றில் 1765-இல் பேரரசரோடு தெற்கே பயணம் போனபோது அவள் தலைமுடியை வெட்டிக்கொண்டாள். அந்த அரச குலத்தாரான மஞ்சுக்களின் வழக்கத்தில் அது துக்கத்தின் அடையாளம், கணவன் உயிரோடிருக்கும்போது பெரும் அபசகுனம். அடுத்த ஆண்டே இறந்துபோனாள். ஏன் வெட்டினாள் என்பதற்கு இரண்டு தொடர்களும் இரண்டு பதில்கள் சொல்கின்றன. எனக்கு ரூயீ சொல்வதுதான் பிடித்தது.

கணக்கன்:

ரூயீ 87 எபிசோடுகள் என்பதை மேலே யாரும் சொல்லவில்லை. ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு இது நியாயமா?

தொடர்கள் 40 எபிசோடுகளுக்கு மேல் போகக் கூடாது, 30-க்குள் எடுப்பது நல்லது என்று 2020-இல் சீன ஒளிபரப்புத் துறை அறிவித்தது. அதன் பிறகு வந்தவற்றில் தேடினால் சிறியவை நிறையக் கிடைக்கும். என் ஓட்டு 'தி லாங் சீஸன்' (2023), 12 எபிசோடுகள் மட்டும். வடகிழக்குச் சீனத்தின் ஆலை நகரம், ஆட்குறைப்பு, ஒரு பழைய கொலை, முன்னாள் ரயில் ஓட்டுநர் ஒருவர். ஓட்டுநராக வரும் ஃபான் வெய் சீனப் புத்தாண்டு வசந்தவிழா டிவி நிகழ்ச்சியின் மேடையில் நகைச்சுவைத் துணுக்குகள் செய்து பெயர் வாங்கியவர். சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார், கடைசி எபிசோடில் கைக்குட்டை தேவைப்படும். ஆலையில் வேலை பார்ப்பவர் என்றால் இன்னும் அதிகம் தேவைப்படும்.

டிரங்க்கால் அக்கா:

மொட்டைமாடி கண்ணே, இரவல் குரலை நான் இகழவில்லை. இரவல் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாதவர்களைத்தான் சொன்னேன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒருத்தி இருந்தாள். 'நம்பர் ப்ளீஸ்' என்று அவள் கேட்பதைக் கேட்கவே வேலையில்லாமல் போன் எடுத்தவர்கள் உண்டு. ஒரு தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு ஒருவர் நேரில் வந்துவிட்டார். அவளைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா லீவா?" என்று கேட்டார். எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு. அவள் மட்டும் ஆமாம் லீவு என்று சொல்லிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள். தொடர் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் ஜி குவான்லினின் பெயரைத் தேடும்போது எனக்கு அவள் நினைவுதான்.

கணக்கரே, 'லாங் சீஸன்' நல்ல தேர்வு. நான் மறந்துவிட்டேன். வயதாகிறது.

இரண்டாம் ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி. கேபிளைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை, பதிலுக்கு ஒரு மவுஸ் கொடுத்தார். வீட்டில் கணினி இல்லை.

'நிர்வாணா இன் ஃபயர்' தொடங்கிவிட்டோம். முதல் இரண்டு எபிசோடுகளில் யார் யாருக்கு மாமா, யார் எந்த இளவரசனின் ஆள் என்று புரியாமல் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டோம். என் மனைவி இப்போது பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். தூங்குகிறாரோ என்று சத்தத்தைக் குறைத்தால் உடனே கையைத் தட்டிவிடுகிறார். திரையின் அடியில் ஓடும் வாசகத்தைப் படித்துச் சொல்லும் வேலை என்னுடையதாகிவிட்டது.

எட்டாவது எபிசோடில் இருக்கிறோம். ஒவ்வொரு பலகாரத் தட்டையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. தயவுசெய்து யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.