டிரெஸாஜுக்கு இரண்டு குதிரை: உடல்வாகையும் நடையையும் எப்படி ஒப்பிடுவது?

சுங்கை சிப்புட் பாடாங்
வணக்கம். இங்கே எஸ்டேட் ஓரத்தில் உள்ள பண்ணைக்குத் தொடக்கநிலை டிரெஸாஜ் (குதிரையைத் தாளத்தோடு சீராக இயக்கிக் காட்டும் சவாரிக் கலை) பழக ஒரு குதிரை பார்க்கிறோம். ஒன்று ஈப்போவில் பந்தயம் ஓடி ஓய்ந்த 7 வயது தோரோபிரெட் (பந்தய இனக் குதிரை): வாக் (நடை) நீளம், டிராட் (குறுக்கு ஜோடிக் கால்களில் போகும் இரு தாள ஓட்டம்) தட்டை, பிட்டம் உயரம் என்று குறை சொல்கிறார்கள். மற்றது 10 வயது வார்ம்பிளட் (சவாரிப் போட்டிக்கென வளர்க்கும் இனம்) கலப்பு: வாக் குட்டை, ஆனால் டிராட்டில் முன்னங்காலை வீசுகிற அழகைப் பார்த்து எல்லாரும் அதையே கைகாட்டுகிறார்கள். படம், வீடியோ இரண்டும் எடுக்க முடியும். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

லாடக்கூடம்
படத்தில் இருந்து தொடங்குங்க அண்ணே. மட்டமான சிமெண்டுத் தரை வேணும்; சரிவில் கீழ்நோக்கி நின்றால் எந்தக் குதிரைக்கும் பிட்டம் தூக்கும். 8–10 மீட்டர் தள்ளி, விலா நடுவுக்கு நேர் எதிரே, கைப்பேசியைக் குதிரையின் முழங்கை உயரத்தில் பிடிங்க. கிட்ட நின்று எடுத்தால் தலை பெரிதாகி அளவெல்லாம் கோணும்.

பிட்டத்தையும் தோள்மேட்டையும் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) மட்டும் ஒப்பிட்டு முடிவு கட்டாதீங்க. தோரோபிரெட்டுக்குத் தோள்மேடு இயல்பிலேயே உயர்ந்தது, அது ஏமாற்றும். முன்னங்கால் முழங்கை முனையையும் பின்னங்கால் ஸ்டைஃபிளையும் (பின்காலின் முழங்கால் மூட்டு) ஒரு கோட்டில் இணைங்க. முழங்கை சமமாகவோ மேலேயோ இருந்தால் நல்லது. நன்றாகத் தாழ்ந்திருந்தால் பாரம் முன்னால் விழும், பாரத்தைப் பின்கால்களுக்கு மாற்றி அதைக் கூட்டி நிறுத்த வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். பிறகு கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்பு முனைக்கும் இடையிலான இடைவெளி: ஒரு கை அகலம் போல இருந்தால் முதுகு வலுவாகத் தாங்கும்.

கலப்புக் குதிரையின் பாஸ்டர்னை (குளம்புக்கு மேலுள்ள சாய்ந்த பகுதி) கட்டாயம் பாருங்க. நீளமாக, தளர்வாக இருந்தால் டிராட்டில் துள்ளல் அழகாகத் தெரியும், ஆனால் ஃபெட்லாக் (பாஸ்டர்னுக்கு மேலுள்ள மூட்டு) கீழே இறங்கி, அதைத் தாங்கும் சஸ்பென்சரி தசைநாரில் சுமை ஏறும். ஹாக் (பின்காலின் நடு மூட்டு) மிக நேராக நிமிர்ந்திருந்தாலும் இதே வம்புதான்.

சி முனை
டிராட் பயிற்சியில் மாறும். வாக் அவ்வளவாக மாறாது. பல மேல்நிலை டெஸ்ட்களில் (போட்டியில் செய்து காட்டும் வரிசைகள்) நீட்டிய வாக்குக்கு மதிப்பெண் இரட்டித்து எண்ணப்படுவதையும் மறக்காதீங்க.

மணலைச் சமன் செய்து, கயிற்றைத் தளர்த்திக் கையில் நடத்துங்க. பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தைத் தாண்டி எவ்வளவு முன்னே விழுகிறது என்று டேப்பில் அளங்க. ஒரு குளம்பு நீளம், அதாவது ஏறக்குறைய 12–13 செ.மீ. தாண்டினால் தேறும். கலப்புக்குக் குறைவாக இருந்தால் உடனே தள்ள வேண்டாம். 20 நிமிடம் வேலை கொடுத்துவிட்டு மறுபடி அளங்க. நீண்டால் அது முதுகின் இறுக்கம். நீளாவிட்டால் உடல் கட்டே அப்படி, அல்லது வலி.

டிராட்டை மெதுவியக்கத்தில் எடுங்க. முன்கால் நீண்டிருக்கும் நொடியில் வீடியோவை நிறுத்தி, முன்னங்கையையும் எதிர்ப்பக்கப் பின்காலின் கணைக்காலையும் பாருங்க. இரண்டும் ஏறக்குறைய இணையாக இருக்கணும். முன்கால் மட்டும் வானத்தைத் தொட்டு, பின்கால் பின்னாலேயே நின்றால் அது வெறும் காட்சி. குறுக்கு ஜோடியில் பின்குளம்பு கண்ணிமைக்கும் நேரம் முந்தித் தரை தொட்டால் சிறப்பு. முன்குளம்பு முந்தினால் பாரம் முன்னால். டோட்டிலாஸ் என்ற புகழ்பெற்ற டிரெஸாஜ் குதிரை விஷயத்தில் இந்த முன்கால் சர்ச்சை பெரிதாகவே நடந்தது. 2014 டிசம்பரில் லண்டனில் ஃப்ரீஸ்டைலில் (இசைக்கேற்ற ஆட்டம்) 94.3% எடுத்த வெலேக்ரோ என்ற குதிரையின் வீடியோவைப் பக்கத்தில் ஓட விட்டால் கண் பழகிவிடும்.

கேண்டரில் (டிராட்டுக்கு அடுத்த வேக ஓட்டம்) மூன்று தாளம் சுத்தமாகக் கேட்கணும். வேகம் குறைக்கும்போது நான்காக உடைகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்க.

குதிரை வைத்தியம்
இரண்டையும் ஒரே நாளில், ஒரே தரையில் எடுக்கணும். மழையில் ஊறிய ஆழமான மணலில் எந்தக் குதிரையும் காலை உயர்த்தித்தான் போடும். அதை நல்ல டிராட் என்று நம்பி ஏமாறாதீங்க.

வாங்கும் முன் மென்தரையில் 15 மீட்டர் வட்டத்தில் இரு பக்கமும் ஓட விடுங்க. பின்கால் வட்டத்தின் வெளிப்பக்கமாக வரும்போது அடியின் நீளம் குறைந்தால் சஸ்பென்சரியைச் சந்தேகிச்சு, அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்க. தோரோபிரெட்டுக்கு முன்கால் தசைநார்களையும் ஃபெட்லாக் எக்ஸ்ரேயையும் விடவே கூடாது.

சுங்கை சிப்புட் பாடாங்
ரொம்ப நன்றி. இன்று காலை அளந்தோம். தோரோபிரெட் 17 செ.மீ. தாண்டுகிறது. கலப்பு முன்தடத்தின் மேலேயே மிதிக்கிறது, வேலைக்குப் பிறகும் அப்படியேதான்.

சி முனை
அப்படியானால் தோரோபிரெட்தான் என் தேர்வு, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால். கலப்புக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் ஒரு வருஷப் பயிற்சிச் செலவை இதற்குப் போடலாம். முதல் மாதங்களில் கேண்டரை அவசரப்படுத்தாமல், வாக்–டிராட் மாற்றங்களில் முதுகு இறுக்கம் இல்லாமல் தளர விடுங்க.