வேதாரண்யம் சதுப்பு: கோடியக்கரை முதல் முத்துப்பேட்டை வரை, போய்வந்தவர்கள் சொல்வது

நாகை நெய்தல்:
கோடியக்கரை சரணாலயத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: மானா, பறவையா? பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெளிமானுக்கு மழை ஓய்ந்து தரை காய்ந்த பிறகு, அதாவது மார்ச்சிலிருந்து. வடகிழக்குப் பருவமழையில் புல்வெளியில் தண்ணீர் தேங்கி நிற்கும். மான்கள் மேட்டுத் திட்டுகளுக்கு ஒதுங்கிவிடும், வண்டித்தடமும் சேறாகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் நிறைவாகப் பார்த்துவிடலாம் என்று வருபவர்களில் பாதிப்பேர் அரைகுறையாகத்தான் திரும்புகிறார்கள்.

பூநாரை விஷயத்தில் மாதத்தைவிட நீர்மட்டம்தான் முக்கியம். அது கால் ஊன்றி நின்று மேயும் பறவை. கனமழை பெய்து ஆழம் கூடினால் கரையோரத்தை விட்டு எங்கோ தள்ளிப் போய்விடும். மழை விட்டு நீர் வடியத் தொடங்கிய பிறகு போவதே நல்லது. ஒரே நீர்ப்பரப்பில் காலின் உயரத்துக்கு ஏற்ப வரிசை கட்டி நிற்பதைக் கவனியுங்கள். விளிம்புச் சேற்றில் கொசு உள்ளான், சற்று உள்ளே நெடுங்கால் உள்ளான், அதற்கும் அப்பால் பூநாரை. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சேற்றை மிதிக்கும். நீர் வற்றிய இடங்களில் அந்த மிதியடிகள் வட்டமான குழிகளாகத் தெரியும். பறவை இல்லாத நாளிலும் அது மேய்ந்த இடத்தை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

வெயில் ஏறினால் கானல் அலையடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியானாலும் அதற்குப் பிறகு எல்லாப் பறவையும் ஒரே வெள்ளைப் புள்ளிதான். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, மேற்கு நோக்கிப் பார்க்கும் வரப்பாகத் தேர்ந்து நில்லுங்கள். 8×42 இருநோக்கி (பைனாகுலர்) போதும். ஆனால் உள்ளான்களை இனம் பிரிக்க வேண்டுமென்றால் முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி இல்லாமல் முடியாது.

அளத்து வரப்பு:
பறவையோடு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அகத்தியன்பள்ளி உப்பளங்களைப் பார்க்காமல் இந்தச் சதுப்பு பாதிதான் புரியும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று உப்பள்ளிய இடம் இது. நினைவுத் தூண் இருக்கிறது. பலர் தூணோடு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே நடக்கும் வேலையைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

வேலை இதுதான். மழைக்காலம் முடிந்ததும் சேற்றை வாரி, வரப்பு கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். மிதி சரியில்லை என்றால் உவர்நீர் கீழே இறங்கிவிடும், வாரும்போது உப்போடு களிமண்ணும் கலந்து வரும். உவர்நீரின் அடர்த்தியைப் போமே என்ற அளவில் பாகையாகச் சொல்வார்கள்; கடல்நீர் ஏறத்தாழ 3.5 பாகை. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவைத்து 25 பாகை வரை ஏற்றினால்தான் உப்பு விளையத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும், அதனால்தான் தனித்தனிப் பாத்திகள். 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், எனவே எஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது அப்படியே கரைந்துவிடும்.

உப்பு வாருவது விடியற்காலையில். பத்து மணிக்குப் போனால் மூடிவைத்த உப்புக் குவியல்தான் கண்ணில் படும். வரப்பில் ஏறும் முன் வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வரப்பு மண் பாத்திக்குள் சரிந்தால் அந்தப் பக்கத்து உப்பு பழுப்பாகிவிடும், நட்டம் அவருக்கு.

ஜாம்புவானோடை:
முத்துப்பேட்டை பக்கம் பற்றி. படகில் காயலுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். நேராகத் துறைக்கு வந்து படகு கேட்காதீர்கள். பாக் நீரிணையில் ஓதத்தின் (கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன்) ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காயலும் ஆழமில்லாதது. அதனால் படகு தரை தட்டுமா, போகுமா என்பதைக் காற்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. படகோட்டி "இன்னைக்கு அந்தப் பக்கம் வேணாம்யா" என்றால் வற்புறுத்த வேண்டாம்.

இங்கே பெரும்பாலும் அலையாத்தி மரம்தான். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும், வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியேற்றுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் உபத்திரவம். இலை பறிக்கும் ஆசை உள்ள பிள்ளைகளை நடுவில் உட்காரவையுங்கள்.

காட்டுக்குள் மீன் முள் போலக் கிளைத்த வாய்க்கால்கள் தெரியும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்து வெட்டியதில் தரை வெயிலில் காய்ந்து தாழ்ந்து, நீர் தேங்கி உப்பேறிப்போனது. அங்கே விதை முளைக்கவில்லை. ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தால் உப்பு கழுவப்படும் என்பதற்காக வெட்டியவைதான் இவை. மீனவர்கள் தோண்டும் மீன்பிடி வாய்க்கால் வேறு. ஏறும் நீரோடு வரும் மீனை, இறங்கும்போது வாய்க்காலின் முகப்பில் வலை கட்டிப் பிடிப்பார்கள். கட்டிய வலைப் பக்கம் படகை விடச் சொல்லாதீர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. காட்டில் விழுந்த மரங்களின் இடைவெளி பல இடங்களில் இன்னும் தெரியும்.

நாகை நெய்தல்:
விட்டுப்போன ஒன்றிரண்டு. திருத்துறைப்பூண்டி – அகத்தியன்பள்ளி அகலப்பாதையில் 2023 முதல் ரயில் ஓடுகிறது, ஆனால் கோடியக்கரைக்கு அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். தங்க வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு, முன்பதிவு அவசியம். குடிநீர் தலைக்கு மூன்று லிட்டர், வேதாரண்யத்திலேயே வாங்கிவிடுங்கள்.

அளத்து வரப்பு:
இன்னொன்று, பைக்கில் வருகிற தம்பிகளுக்கு. வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்த மாதிரி தெரியும் தரையில் வண்டியை இறக்காதீர்கள். மேலே பொருக்கு, அடியில் களி. சக்கரம் பாதிவரை போய்விட்டால் முறுக்க முறுக்க இன்னும் இறங்கும். வண்டியைப் படுக்கவைத்து, பலகையோ மட்டையோ அடியில் கொடுத்து, இரண்டு பேர் பக்கவாட்டில் இழுக்க வேண்டும்.