நரம்பு அடைப்பா, மரப்பா? ஒப்புதல் படிவத்துக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். லேப்ராஸ்கோப்பியில் கருப்பை நீக்கும் அறுவைக்கான ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அறுவைக்குப் பின் வலி தெரியாமலிருக்க வயிற்றுச்சுவர் நரம்புகளில் உணர்வை நிறுத்தும் ஊசியான 'டாப் பிளாக்' என்பதற்குப் பழைய படிவத்தில் 'நரம்பு அடைப்பு' என்று இருக்கிறது. மாரடைப்பு, சிறுநீர் அடைப்பு என்றே கேட்டுப் பழகியவர் இதையும் ஒரு நோய் என்றுதான் எடுத்துக்கொள்வார். வேறு சொல் வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர்:
செய்முறையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்குப் போவோம். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் அல்ட்ராசவுண்ட் வைத்தால் மூன்று தசை அடுக்குகள் தெரியும். நடு அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் இடையில்தான் நரம்புகள் ஓடுகின்றன. ஊசி நுனி அங்கே வந்ததும் 2 மி.லி. சலைன் விட்டுப் பார்ப்போம். அடுக்குகள் விலகி நடுவில் கருப்பாகக் கண் வடிவம் திறந்தால் இடம் சரி. தசையே உப்பினால் நுனி தசைக்குள் நிற்கிறது, நகர்த்த வேண்டும். பிறகு பக்கத்துக்கு 20 மி.லி., 0.25% புபிவக்கைன் என்ற உணர்வு நீக்கும் மருந்து. இரு பக்கமும் சேர்த்து 100 மி.கி.; 50 கிலோ உள்ளவருக்கு அதுவே கிலோவுக்கு 2 மி.கி. இதோடு லேப்ராஸ்கோப்பிக்குப் போடும் துளைகளின் வாய்களிலும் அதே மருந்தைப் போட்டால் அளவு மீறும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. முழு மயக்கத்தில் இருப்பவரால் முதல் இரண்டையும் சொல்ல முடியாது. அதனால் இதற்கு முறிமருந்தான 20% கொழுப்புக் குழம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.
என் பரிந்துரை 'நரம்புத் தடுப்பு'.

தமிழாசிரியர்:
'தடுப்பு' என்றதும் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும், டாக்டர். எந்த நோய்க்கு என்று கேட்பார்கள். 'நரம்பு மரப்பு' என்போம். மரத்தல் மரத்திலிருந்து வந்தது என்பது என் துணிபு. உணர்வில்லாதவரை மரக்கட்டை என்கிறோமே. மரத்தல் தன்வினை, மரப்பித்தல் பிறவினை. மருத்துவர் செய்விப்பதால் 'மரப்பிப்பு' என்பதே முறை.

யாழ்ப்பாணத்துச் செவிலியர்:
ஐயா, 'மரப்பிப்பு' ஒருத்தருக்கும் விளங்காது. எங்கட பக்கம் 'விறைப்பு ஊசி' எண்டால் பல்லுப் பிடுங்க வாறவருக்கும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் உடல் இறுகி நிற்பது, அம்மா. இங்கே அது பொருந்தாது. 'மரப்பு' ஒரு ஒற்றுப் போனால் 'மரபு' ஆகிவிடும். அச்சுப்படியில் மூன்று இடத்தில் அப்படித்தான் வந்திருக்கிறது.

தமிழாசிரியர்:
பிழை திருத்தத்தான் ஆள் இருக்கிறார்களே. அதற்காகச் சொல்லைக் கைவிடலாமா? அப்படியே லேப்ராஸ்கோப்பியையும் 'வயிற்றகநோக்கு' ஆக்கிவிடலாம்.

மயக்கவியல் மருத்துவர்:
அது வேண்டாம் ஐயா, நோயாளிக்கு லேப்ராஸ்கோப்பி தெரியும். 'மரப்பு' எனக்குச் சம்மதம். ஆனால் 'வயிற்றுச்சுவர்' என்பது பெயரிலேயே இருக்க வேண்டும். மரப்பது தோலும் தசையும்தான். கருப்பை எடுத்த இடத்து உள்வலி இருக்கும். அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டையும் வலிக்கும். 'நரம்பு மரப்பு' என்று மட்டும் போட்டால், ஊசி வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள். மருந்து கீழிறங்கித் தொடை நரம்பைத் தொட்டால் கால் தளரும். முதல் முறை துணையில்லாமல் எழக்கூடாது என்ற வரியும் பக்கத்திலேயே வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
'டாப் பிளாக் எனப்படும் வயிற்றுச்சுவர் மரப்பு ஊசி' என்று போடுகிறேன்.

தமிழாசிரியர்:
ஊசி கருவி; செயலுக்குக் கருவியின் பெயரை வைப்பதை நான் ஏற்கவில்லை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துச் செவிலியர்:
இலங்கைப் படிக்கு 'விறைப்பு' எண்டே விடுங்கோ.