10 வார நாய்க்குட்டியை இப்போதே பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

வேளச்சேரி வாசகி:
வணக்கம். எங்கள் வீட்டிற்கு 10 வார வயதுள்ள சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வந்திருக்கிறது. முதல் தடுப்பூசி போட்டாயிற்று. எல்லாத் தடுப்பூசிகளும் முடியும்வரை வகுப்பிற்கு அனுப்பக் கூடாது என்று சிலரும், அதற்குள் பழகும் பருவம் கடந்துவிடும் என்று சிலரும் சொல்கிறார்கள். எதை ஏற்பது? வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

அண்ணா நகர் அன்பர்:
காத்திருக்க வேண்டாம், அம்மா. புதிய மனிதர்களையும் பிற நாய்களையும் ஓசைகளையும் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரைதான். முதல் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்து ஒரு வாரம் கழிந்திருந்தால், தடுப்பூசி அட்டையைப் பார்த்தே எல்லாக் குட்டிகளையும் சேர்க்கும் வகுப்பிற்கு, உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அழைத்துச் செல்லலாம். ஆனால் தெருநாய்கள் நடமாடும் திறந்த மைதானம் வேண்டவே வேண்டாம். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் தங்கியிருக்கும். கிருமிநாசினியால் துடைக்கக்கூடிய தரையுள்ள கூடமே நல்லது.

மயிலாப்பூர் வாசகர்:
முதலில் குட்டி இல்லாமல் சென்று ஒரு வகுப்பைப் பாருங்கள். சங்கிலியைச் சுண்டி இழுப்பதையும் அடிப்பதையும் பயிற்சி என்று சொல்லும் இடமாக இருந்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்குபவரே உங்கள் குட்டிக்கு ஏற்றவர். குட்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் இடத்தையும் நான் ஏற்கமாட்டேன். கற்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர் அல்லவா? தீபாவளிக்கு முன்பே வெடிச்சத்தத்தின் ஒலிப்பதிவை மிக மெல்லிய அளவில் கேட்கச் செய்து பழக்குவார்களா என்றும் கேளுங்கள்.

வேளச்சேரி வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிறன்று காலையில், வெயில் ஏறுமுன், ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.