சொந்த டிவிடிக்குக் காப்பு நகல் எடுப்பது திருட்டா?

தாமிரபரணி:
என் அலமாரியில் இருக்கும் தமிழ்ப் பட விசிடி, டிவிடி எல்லாமே கடையில் காசு கொடுத்து வாங்கியவை. பல படங்கள் எந்த ஓடிடியிலும் இல்லை. யூடியூபில் கிடைப்பவற்றில் பாட்டுகளை வெட்டியிருக்கிறார்கள். விசிடிகள் சிலவற்றை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் ஊசி குத்தியதுபோல் வெளிச்சம் தெரிகிறது; அங்கெல்லாம் அலுமினியப் பூச்சு போய்விட்டது. அந்தப் பூச்சு இருப்பது படத்தின் பெயர் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய அரக்குக்கு அடியில். கீழ்ப்பக்கத்தை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. மிச்சமும் போவதற்குள் கணினியில் நகல் எடுத்து வைக்கிறேன். நண்பர் ஒருவர் இதைத் திருட்டு என்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெள்ளித்திரை:
உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் டிவிடி வாடகைக் கடை நடத்தியவன். மாலையில் எடுத்துப் போவார்கள், இரவோடு இரவாக நகல் எடுத்துவிட்டுக் காலையில் திருப்பித் தருவார்கள். கேட்டால் "வீட்டுக்குத்தான்" என்பார்கள். அது பக்கத்து வீட்டுக்குப் போகும், பிறகு தெரு முழுக்கப் போகும். திருட்டு விசிடிக்காரர்களை அடக்க 2004இல் குண்டர் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. தவிர, டிவிடியில் நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டுப் போட்டுத்தான் விற்கிறார்கள். அதை உடைத்துவிட்டு "என் பொருள்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நீங்கள் வாங்கியது பார்க்கும் உரிமையை மட்டுமே.

நீதிமன்ற வாசல்:
குண்டர் சட்டம் பாய வேண்டுமானால் முதலில் பதிப்புரிமை மீறல் நடந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வது மீறல் ஆகாது என்கிறது. முன்பு இந்த விலக்கு திரைப்படங்களுக்குக் கிடையாது. 2012இல் வந்த திருத்தம்தான் கணினி நிரல் நீங்கலாக எந்தப் படைப்புக்கும் என்று அதை விரித்தது. பூட்டைப் பற்றிப் பேசும் 65ஏ பிரிவும் அதே திருத்தத்தில் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டத்தில் இந்த நிபந்தனை இல்லை. இணையத்தில் நம்மவர்கள் படித்துப் பயப்படுவது பெரும்பாலும் அந்தச் சட்டத்தைத்தான். முழுப் படத்தையும் நகலெடுப்பது "நியாயமான கையாளல்" ஆகுமா என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமுண்டு.

வெள்ளித்திரை:
நோக்கத்தை யார் அளப்பது? இன்று காப்பு நகல் என்று ஹார்ட் டிஸ்க்கில் வைப்பீர்கள். நாளை மைத்துனர் பென் டிரைவோடு வந்து நிற்பார். அப்போது முகத்தை முறித்துக்கொள்வீர்களா?

தாமிரபரணி:
முறித்துக்கொள்வேன். ஐயா, வாடகைத் தகட்டை நகலெடுத்தவர்களை நானும் ஆதரிக்கவில்லை. அவர்கள் உங்கள் பிழைப்பில் கை வைத்தார்கள். நான் விலை கொடுத்து வாங்கியவன். மறுபடி வாங்கலாம் என்றால் விற்பவர் யார்? முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தது. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. உரிமை வைத்திருப்பவர்களே பத்திரப்படுத்துவார்கள் என்று எதை நம்பி உட்கார்ந்திருப்பது?

வெள்ளித்திரை:
படங்களைப் பாதுகாப்பதற்கென்றே புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். படச்சுருளைக் காப்பது அவர்கள் வேலை. 352க்கு 288 புள்ளிகள் கொண்ட விசிடி நகலைத் திரையரங்கில் போட்டால் முகமே தெரியாது. வீட்டு வசதிக்காகச் செய்வதைப் பண்பாட்டுத் தொண்டு என்று பேசாதீர்கள்.

ஒளிக்கதிர்:
எடுப்பது என்று முடிவானால் சரியாக எடுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியை 4.7 ஜிபி வெற்றுத் தகட்டுக்குள் சுருக்கினால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். வெற்றுத் தகட்டில் பதிவைத் தாங்குவது சாயம், அதுவும் நாளாக ஆக வெளுக்கும். டிவிடியை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக (தகடு முழுவதையும் உள்ளபடியே அடக்கிய ஒரே கோப்பு) எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒரு டிபியில் (ஆயிரம் ஜிபி) முழு அளவு டிவிடிகளே நூறுக்கு மேல் அடங்கும். பழுதான டிவிடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, பிறகே கெட்ட இடங்களுக்குத் திரும்பும். ஒரே இடத்தில் டிரைவ் முனகிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வெள்ளித்திரை:
விசிடியில் பூட்டே கிடையாது. அதில் உங்களைத் தடுக்க என்னிடம் வாதம் இல்லை. டிவிடியில் என் கருத்து மாறவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: தகட்டை யாருக்காவது விற்றாலோ கொடுத்தாலோ நகலையும் அழித்துவிடுவீர்களா?

தாமிரபரணி:
அழித்துவிடுவேன். தகடு என்னிடம் இருக்கும்வரைதான் நகலும். ஆனால் என் டிவிடிகளில் இரண்டு இடைவேளைக்குப் பிறகு நின்று நின்றுதான் ஓடுகின்றன. பூட்டு இருந்தாலும் அவற்றை இந்த வாரமே எடுக்கப்போகிறேன்.