புதுசைத் தவணையில் எடுப்பதா, மூன்று வருடம் ஓடியதை வாங்குவதா?

முதல்வண்டி:
வீட்டுக்கு முதல் கார். ரூபாயில் சொன்னால் குழப்பம் வரும், அதனால் புது வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். 20 முன்பணம், 80 லோன், வட்டி 10 சதவீதம், 5 வருடம் என்று ஷோரூமில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே மாடல், மூன்று வருடம் ஓடியது, 58-க்கு வருகிறது. அதற்கு வங்கி லோன் உண்டு, ஆனால் வட்டி 14 சதவீதம், 4 வருடம். "பழசுக்கு வட்டி கூட, அதனால் புதுசுதான் லாபம்" என்கிறார் ஷோரூம்காரர். தவணை கட்டுவதில் பயமில்லை. கடைசியில் எது அதிகம் தின்னும் என்பதுதான் தெரியவில்லை.

பழையசாவி:
வட்டி எத்தனை சதவீதம் என்பதோடு, அது எந்தத் தொகைமேல் ஓடுகிறது என்றும் பாருங்கள். 80-க்கு 10 சதவீதம் என்றால் மாதம் 1.70 கட்ட வேண்டும். 60 மாதத்தில் மொத்தம் 102. அதாவது வட்டி 22. பழசுக்குக் கையிலிருந்து 12 போட்டு 46 லோன் எடுங்கள். 14 சதவீதமே ஆனாலும் நாலு வருடத்தில் வட்டி 14-தான் வரும்.

அதைவிடப் பெரிய ஓட்டை விலை இறங்குவதில் இருக்கிறது. முதல் வருடம் ஐந்தில் ஒரு பங்கு, அப்புறம் வருடத்துக்கு 15 சதவீதம் இறங்குகிறது என்று தோராயமாக வைப்போம். 100-க்கு வாங்கியது மூன்றாம் வருட முடிவில் 58, ஐந்தாம் வருட முடிவில் 42. உங்களுக்குச் சொன்ன 58-உம் இதோடு ஒத்துப்போகிறது பாருங்கள். அந்தப் பழைய வண்டியை ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்றால் 26 கிடைக்கும். புதுசில் விலை இறக்கமும் வட்டியும் சேர்ந்து 80 போகிறது, பழசில் 46. முதல் மூன்று வருடத்து இறக்கத்தை வேறொருவர் சுமந்து முடித்த வண்டி அது. அதை நீங்களும் ஏன் சுமக்க வேண்டும்?

வாரண்டிபக்கம்:
இதே கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டேன். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

நான் வாங்கியது நாலு வருட வண்டி. ஓடோமீட்டரில் 38,000 கிலோமீட்டர். பெயின்ட் பளபளவென்று இருந்தது. முதல் மழையில் உள்ளே ஒரு ஈர வாடை வந்தது, கார்ப்பெட் நனைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கவில்லை. அப்புறம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. மெக்கானிக் சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கினால், அடியில் மெல்லிய வண்டல் படலம் படிந்திருக்கிறது. ஒயர் இணைப்புகளில் களிம்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி! ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று நடுரோட்டில் நின்றது. பழையசாவி, உங்கள் 46-இல் இந்தச் செலவு எங்கே இருக்கிறது?

பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதியது இதைத்தான். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கிடைக்கும் என்றால், நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வர மாட்டார். சந்தையில் மோசமானவைதான் மிஞ்சும். பிற்பாடு, 2001-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. புது வண்டிக்கு நான் கூடுதலாகக் கொடுப்பது அந்தத் தெரியாத குறைக்கு எதிரான காப்பு. வாரண்டி முடியும்வரை நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பழையசாவி:
உங்களுக்கு நேர்ந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம்வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் பெரும்பாலும் சுருளுக்குள் இருக்கும் பட்டையைத் தொடுவதில்லை, மண் கறை கோடாகத் தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் விரலால் துடைத்துப் பாருங்கள். ஓடோமீட்டரில் 38,000 காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். டயர் பக்கச்சுவரில் உள்ள கடைசி நாலு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்குக் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அகர்லாஃப் சொன்ன அந்த இடைவெளியைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

வட்டிக்கணக்கு:
இரண்டு பேரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், வருடத்தை விட்டுவிட்டீர்கள்.

பழையசாவியின் கணக்கு ஐந்தாம் வருடம் விற்பவருக்கு. அதில் புதுசுக்கு வருடத்துக்கு 16, பழசுக்கு 9 சொச்சம், வித்தியாசம் 7. ஆனால் வண்டிக்கு 12 வயது ஆகும்வரை வைத்து ஓட்டுகிறவருக்கு? அப்போது எதை விற்றாலும் 13-தான் கிடைக்கும். புதுசுக்கு இறக்கம் 87, வட்டி 22, ஆக 109-ஐ 12 வருடத்தால் வகுத்தால் 9. பழசுக்கு இறக்கம் 45, வட்டி 14, ஆக 59-ஐ 9 வருடத்தால் வகுத்தால் ஆறரை. வருடத்துக்கு வித்தியாசம் வெறும் இரண்டரைதான். ஒரு கிளட்ச்சும் ஒரு செட் டயரும் வந்தால் அந்த வருடத்து இரண்டரை காலி. நீண்ட நாள் வைத்து ஓட்டுகிறவர் புதுசு எடுப்பதில் தப்பே இல்லை. மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்தான் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் பெரிய இறக்கத்தைச் சுமக்கிறார்.

லோனை இழுத்தடிப்பது இன்னொரு பொறி. முன்பணமே இல்லாமல் 100-க்கும் 7 வருட லோன் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி 78 இருக்கும், வண்டியின் விலை 68. அன்றைக்கு வண்டி விபத்தில் முழுதாகப் போனால், சாதாரண இன்சூரன்ஸ் அன்றைய மதிப்பைத்தான் தரும். இல்லாத வண்டிக்குக் கையிலிருந்து 10 கட்ட வேண்டும்.

முதல்வண்டி, ஒரு கேள்வி. ஷோரூம் தாளில் மாதத் தவணை எவ்வளவு என்று போட்டிருக்கிறது?

முதல்வண்டி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 100-க்குக் கணக்குப் போட்டால் மாதம் 2.00 வருகிறது. பழையசாவி சொன்ன 1.70 இல்லை. நான்தான் எங்கோ தப்பாக வகுத்துவிட்டேனா?

வட்டிக்கணக்கு:
நீங்கள் சரியாகத்தான் வகுத்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சொன்னது ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம்வரை முழு 80-க்கும் வட்டி போடுகிறார்கள். 80-க்கு வருடம் 8, ஐந்து வருடத்தில் 40, மொத்தம் 120. அதை 60-ஆல் வகுத்தால் 2.00. குறையும் பாக்கிமேல் கணக்கிட்டால் இது 10 சதவீதமே இல்லை, 17 சதவீதத்துக்கும் மேல். பழைய வண்டிக்குச் சொன்ன 14 எந்த முறை என்று பார்த்தீர்களா?

முதல்வண்டி:
அதில் "குறையும் பாக்கி" என்றே எழுதியிருக்கிறது. அப்படியானால் வட்டி கூட இருப்பது புதுசுக்குத்தான். நாலு நாளாக இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழையசாவி:
வட்டி 40, இறக்கம் 58. ஐந்து வருடத்தில் 98! கிட்டத்தட்ட ஒரு முழு வண்டியின் விலை.

வாரண்டிபக்கம்:
அது அந்த லோனின் குற்றம், புது வண்டியின் குற்றமில்லை. வேறு இரண்டு இடத்தில் குறையும் பாக்கி முறையில் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். விகிதத்தைக் கேட்காதீர்கள், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். அதில் கோப்புக் கட்டணமும் சேர்ந்திருக்கட்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பழசில் ஏர்பேக் எத்தனை, வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடலிலேயே மூன்று வருடத்துக்குள் இவை மாறியிருக்கலாம். இதை மட்டும் காசுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல்வண்டி:
சரி. வண்டியைப் பத்து வருடமாவது வைத்திருப்பேன், இடையில் மாற்றும் எண்ணமில்லை. வேறு வங்கியில் புதுசுக்கு லோன் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய வண்டியையும் பார்க்கப் போகிறேன்.

வாரண்டிபக்கம்:
நீங்கள் போவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். இன்ஜின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பிறகு முதல் ஸ்டார்ட்டில் வருகிற புகையும் சத்தமும்தான் உங்கள் மெக்கானிக்குத் தேவை.